வீட்டில் செய்த கார்பன் ஃபைபர் பானட்டில் ஊசித்துளைகளும் வெயிலில் எழும்பும் நெசவுத் தடமும்: உதவி தேவை

ஜென்98_கோவை:

அனைவருக்கும் வணக்கம். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்காக என்னுடைய 1998-ஆம் ஆண்டு மாருதி ஜென் காரின் எடையைக் குறைத்து வருகிறேன். அதற்காக வீட்டு ஷெட்டிலேயே கார்பன் ஃபைபர் பானட் ஒன்றைச் செய்தேன். பழைய இரும்பு பானட்டின் மேல் மெழுகு தேய்த்து, பாலியஸ்டர் ஜெல்கோட்டும் கண்ணாடி இழை மேட்டும் வைத்து அச்சு எடுத்தேன். அந்த அச்சில் 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) ட்வில் நெசவு கார்பன் துணியை நான்கு அடுக்காக விரித்து, பீல் ப்ளையும் (பிறகு உரித்தெடுக்கும் துணி) மெஷ்ஷும் (ரெசின் பரவ உதவும் வலை) வைத்து, பிளாஸ்டிக் பையால் மூடி, பம்பால் காற்றை உறிஞ்சி ரெசினைத் துணிக்குள் இழுக்கும் வேக்கம் இன்ஃபியூஷன் முறையில் எபாக்ஸி ரெசினை ஏற்றினேன். ரெசின் முன்விளிம்பிலிருந்து உள்ளே சென்றது. காரின் முன்கண்ணாடிப் பக்கத்து விளிம்பிலிருந்து பம்ப் உறிஞ்சியது. இடைத்தூரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அன்று ஷெட்டுக்குள் வெப்பம் 34 டிகிரி.

முன்கண்ணாடிப் பக்க விளிம்பை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு ரெசின் எட்டாமல் துணி வறண்டு நிற்கிறது. மேல்பரப்பு முழுவதும் ஊசித்துளைகள் இருக்கின்றன. இவற்றைவிட என்னை வருத்துவது மூன்றாவது குறைதான். அச்சிலிருந்து எடுத்த அன்று கண்ணாடிபோல் இருந்த பரப்பு, இரண்டு நாள் வெயிலில் வைத்த பிறகு, விரலால் தடவினால் நெசவு தட்டுப்படும் அளவுக்கு வரிவரியாக எழும்பிவிட்டது. கேஜில் வேக்கம் பாதரச அளவில் 28 அங்குலத்துக்கு மேல் ஏறவேயில்லை. பம்ப் வலுவற்றதா, அடுத்த முறை ஹார்ட்னரை (ரெசினை இறுக வைக்கக் கலப்பது) சற்றுக் கூட்ட வேண்டுமா, இப்போதைக்குக் கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) அடித்தால் இவை மறைந்துவிடுமா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இழைப்பட்டறை:

வணக்கம். பம்பைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால், இங்கு முழு வெற்றிடம் கிடைத்தாலும் கேஜ் ஏறத்தாழ 28.5 அங்குலம்தான் காட்டும். கடலோர ஊர்களில் கிடைக்கும் 29.9 அங்குலத்தை நீங்கள் எதிர்பார்க்க முடியாது.

ஆனால் பம்ப் ஓடும்போது கேஜ் காட்டும் எண்ணை வைத்துப் பை கசியவில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. ரெசின் விடுவதற்கு முன், குழாயை இறுக்கி பம்பை நிறுத்தி, ஊசி இறங்குகிறதா என்று பார்த்தீர்களா? பயன்படுத்தியது இன்ஃபியூஷனுக்கான நீர்த்த ரெசினா, கையால் பூசும் ரெசினா? இறுகிய பிறகு சூடேற்றினீர்களா? கிளியர் கோட்டை இப்போது தொட வேண்டாம்.

ஜென்98_கோவை:

நன்றி ஐயா. அன்று அந்தச் சோதனையைச் செய்யவில்லை. நேற்று அதே அச்சில் வெறும் பையை ஒட்டிப் பார்த்தேன். பம்பை நிறுத்திய 10 நிமிடத்தில் 28-லிருந்து 23-க்கு இறங்கிவிட்டது. கையால் பூசும் ரெசினைத்தான் வாங்கியிருந்தேன். அதன் வேலை நேரம் 25 டிகிரியில் 30 நிமிடம் என்று டப்பாவில் போட்டிருக்கிறது. சூடேற்றவில்லை, ஒரு நாள் கழித்து அப்படியே கழற்றிவிட்டேன்.

இழைப்பட்டறை:

அப்படியானால் உங்களிடம் இருப்பவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு நோய்கள். வறண்ட இடமும் துளைகளும் ரெசின் ஏற்றிய நாளில் வந்தவை. நெசவு எழும்பியது அதற்குப் பிறகு செய்யத் தவறிய வேலையால் வந்தது.

ஒரே அழுத்தத்தில் ரெசின் துணிக்குள் போகும் தூரம் இரண்டு மடங்கானால், ஆகும் நேரம் நான்கு மடங்காகும். கெட்டியான ரெசினை ஒரு மீட்டர் தூரம் இழுக்க வைத்தீர்கள். 25 டிகிரிக்குச் சொல்லப்பட்ட வேலை நேரம் 34 டிகிரியில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அதோடு வாளியில் மொத்தமாகக் கலந்த ரெசின் தானே சூடேறி இன்னும் விரைவாக இறுகும். கடைசி விளிம்பை எட்டுவதற்குள் அது கூழாகியிருக்கும். அடுத்த முறை இன்ஃபியூஷன் ரெசினை வாங்கி, நடுக்கோட்டில் ஸ்பைரல் ட்யூப் (நீளம் முழுவதும் ரெசினை வெளிவிடும் சுருள் குழாய்) வைத்து அங்கிருந்து விட்டு, சுற்று விளிம்பு முழுவதிலும் உறிஞ்சுங்கள். தூரம் பாதியாகும், நேரம் கால் பங்காகும்.

துளைகளுக்குக் காரணம் கசிவு. ரெசின் நிறைந்த பிறகும் அந்த வழியாகக் காற்று உள்ளே வந்துகொண்டேயிருந்திருக்கிறது. சோப்பு நீர் இங்கே உதவாது. காற்று உள்நோக்கிப் போவதால் குமிழி எழாது. ஊர் அடங்கிய பின் ஒரு சிறு குழாயைக் காதில் வைத்துக்கொண்டு, சீலண்ட் டேப்பை ஒட்டி மெல்ல நகர்த்திக் கேளுங்கள். பெரும்பாலும் பை மடிப்பின் அடியிலோ, குழாய் நுழையும் இடத்திலோ சீறல் கேட்கும். பையை முந்தின மாலையே மூடி இரவு முழுவதும் வேக்கத்தில் வைப்பது என் வழக்கம். மழைக்காலத்தில் துணி ஏற்றுக்கொண்ட ஈரமும் அதில் போய்விடும். விடிந்ததும் பம்பை நிறுத்தி, அரை மணி நேரம் ஊசி கண்ணுக்குத் தெரியும்படி நகராமல் இருந்தால்தான் ரெசினைக் கலக்க வேண்டும்.

ஹார்ட்னரைக் கூட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பாலியஸ்டரில் வினையூக்கியைச் சற்றுக் கூட்டிக் குறைத்துப் பழகியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை இது. எபாக்ஸியில் ஹார்ட்னரும் ரெசினும் குறிப்பிட்ட விகிதத்தில் இணைந்தே இறுகுகின்றன. மிஞ்சிய ஹார்ட்னர் இணைய ஆளின்றி உள்ளேயே தங்கி, பானட் பலகையை மென்மையாக்கும். தராசில் எடை பார்த்து, சொன்ன அளவிலேயே கலக்க வேண்டும்.

இனி நெசவுத் தடம். அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்ஸி பெரும்பாலும் 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். நம் வெயிலில் கறுப்புப் பலகை 70 டிகிரியைத் தாண்டுவது இயல்பு. அந்தச் சூட்டில் ரெசின் இளகி, மீதி இறுகலை முடித்துக்கொண்டு சுருங்குகிறது. இழை சுருங்குவதில்லை; இழைகளுக்கு இடையே தேங்கிய ரெசின் மட்டும் கீழே இறங்குவதால் நெசவு மேலே தெரிகிறது.

இந்தச் சுருக்கம் முழுவதும் முடியும் முன் தேய்த்துக் கிளியர் கோட் அடித்தால், அடுத்த கோடையில் தடம் அந்தக் கிளியர் கோட்டையும் மீறி எழும்பும். ஆகவே முதலில் சூடேற்றுங்கள், தேய்ப்பது பிறகு. பலகையைத் திரும்ப அச்சில் படுக்க வைத்து, ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள் 100 வாட் குண்டு பல்புகளும் சிறு விசிறியும் வைத்து, மணிக்கு 10 டிகிரி வீதம் 58 வரை ஏற்றி, 8 மணி நேரம் நிறுத்தி, அதே வேகத்தில் இறக்குங்கள். உங்கள் அச்சு பாலியஸ்டர் என்பதால் 60-ஐத் தாண்டினால் அதுவே நெளியக்கூடும். மீதியை அச்சில்லாமல், சமமான தாங்கலின் மேல் வைத்து 75 வரை கொண்டுபோகலாம். பல்பு எரியும் நேரம் முழுவதும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

கூண்டுவெல்டர்:

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வறண்ட இடம் பானட் கீலுக்கு அருகில் இருப்பதாகத் தெரிகிறது. அதை மேலே பூசி மூடாமல், பின்பக்கத்தில் சரிவாகத் தேய்த்து, ஒன்றைவிட ஒன்று பெரிதாக இரண்டு துண்டுத் துணிகளை ஒட்டுங்கள். இரும்பு உட்சட்டத்தை இதில் ஒட்டுவதாக இருந்தால், இடையே ஓர் அடுக்கு கண்ணாடி இழைத் துணி கட்டாயம். கார்பனும் இரும்பும் நேராகத் தொட்டு ஈரம் பட்டால் இரும்பு விரைவாகத் துருப்பிடிக்கும். ஒரு மீட்டர் இரும்பு 40 டிகிரி சூட்டில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளும். கார்பன் பலகை அதில் ஒரு சிறு பங்குதான் நீளும். ஆகவே விறைப்பான எபாக்ஸிக்குப் பதில் இழுபடும் பாலியூரித்தேன் பசையே ஏற்றது. தாழ்ப்பாளோடு இரண்டு பானட் பின்களையும் (பானட் எழும்பாமல் பிடிக்கும் பூட்டு ஊசிகள்) பொருத்துங்கள்; ஓட்டத்தில் பானட் எழும்பிக் கண்ணாடியில் அடித்ததை நேரில் பார்த்தவன் என்பதால் வற்புறுத்துகிறேன்.

தேய்க்கும்போது நீர் விட்டே தேய்க்க வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் கிரைண்டர் மோட்டாருக்குள் போனாலும் கெடுதல்தான்.

ஜென்98_கோவை:

இருவருக்கும் மிக்க நன்றி. அச்சில் 58 டிகிரியும் பிறகு தனியாக 75 டிகிரியும் கொடுத்து முடித்தேன். முதல் சூட்டில் நெசவு இன்னும் கொஞ்சம் எழும்பியதைப் பார்த்து அஞ்சினேன். அதன்பின் நான்கு நாள் மதிய வெயிலில் வைத்தும் மாற்றம் ஏதுமில்லை. கசிவு, வேக்கம் குழாய் டேப்பைக் கடக்கும் இடத்தில் இருந்தது. இன்று பின்பக்க ஒட்டுத்துணி முடிந்தது. நாளை 180 எண் உப்புத்தாளால் மேல்பக்கத்தை ஈரத்தில் தேய்த்து, துளைகள் நிறைய எபாக்ஸி ஒரு கை பூசலாம் என்றிருக்கிறேன்.

இழைப்பட்டறை:

பூசியது இறுகிய பின், மழை ஈரத்தில் அதன் மேல் மெழுகு போன்ற படலம் படிந்திருக்கும். முதலில் வெதுவெதுப்பான நீரால் அதைக் கழுவித் துடைத்துவிட்டு, 400, 800 என்று தேய்த்து ஏறுங்கள். கழுவாமல் தேய்த்தால் படலம் பரப்பெங்கும் பரவி, மேலே அடிக்கும் பூச்சு பிடிக்காது. கடைசியில் புற ஊதாக் கதிரைத் தாங்கும் டூ-கே (இரு பாகம் கலந்து அடிக்கும்) கிளியர் கோட்டை அடியுங்கள். வெறும் எபாக்ஸி வெயிலில் மஞ்சளாகும்.