புதுப்பிப்பு: மேசன்போரோ தீவில் நங்கூரம் போட்டாச்சு

வட கரோலினாவின் மேசன்போரோ தீவுக்குப் போனால் படகை எங்கே நிறுத்துவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். சனிக்கிழமை போய் வந்துவிட்டோம். பாலம் கிடையாது, படகுதான் வழி. சுமார் 13 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வீடுகூட இல்லை!

நீங்கள் சொன்னபடி கடல் பக்கம் போகாமல் உப்பங்கழிப் பக்கமே நிறுத்தினோம். ஆனால் கரையை ஒட்டிப் போட்டது தப்பு. அங்கே ஓதத்தால் கடல் நீர்மட்டம் ஏறக்குறைய 4 அடி ஏறி இறங்கும். தண்ணீர் வற்றத் தொடங்கிய அரை மணி நேரத்தில் படகின் அடி மணலைத் தொட்டுவிட்டது. இறங்கித் தள்ளி, ஆழத்துக்குக் கொண்டுபோய், ஆழத்தைப் போல 7 மடங்கு கயிறு விட்ட பிறகுதான் நங்கூரம் பிடித்தது.

மணல்மேடுகளில் மட்டும் தயவுசெய்து ஏறாதீர்கள். கடலாமைகளும் கரைப்பறவைகளும் முட்டையிடும் தீவு அது. அடுத்த முறை தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துக் கிளம்புவோம்.