எம்டிஎஸ் ஃபைலை எம்பி4 ஆக மாத்துறதுல ஒரு சிக்கல், உதவி பண்ணுங்க

வணக்கம். 2011ல் அக்கா கல்யாணத்துக்கு மாமா கேம்கார்டர்ல எடுத்த வீடியோ இப்பதான் கைக்கு வந்துச்சு. ஏவிசிஎச்டி (கேம்கார்டர்ல பதிவு பண்ற ஒரு முறை) ஃபோல்டர், உள்ளே எல்லாமே எம்டிஎஸ்ங்கிற வீடியோ ஃபைல், மொத்தம் 28 ஜிபி. லேப்டாப்ல விஎல்சியில நல்லா ஓடுது. ஆனா அம்மா பார்க்கணும்னா டிவியில ஓடணுமே!

எஃப்எஃப்எம்பெக்னு வீடியோ மாத்துற சாஃப்ட்வேர் வச்சு, ரீ-என்கோட் பண்ணாம (மறுபடி சுருக்காம, இருக்கிறதை அப்படியே) எம்பி4க்கு மாத்தினேன். சீக்கிரம் முடிஞ்சது, தரமும் குறையல. பென் டிரைவ்ல போட்டா படம் வருது, சத்தம் இல்ல. நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்பிக்கிட்டு ஊமையா வாசிக்கிறார். ஆடியோ ஏசி3ங்கிற வகையில இருந்ததுதான் காரணம், டிவிக்கு அது ஒத்துக்கல. அதை மட்டும் ஏஏசி வகைக்கு மாத்தினதும் சரியாயிடுச்சு.

மிச்சம் இருக்கிறதுதான் தலைவலி. வீடியோ 1080 இன்டர்லேஸ், 50ஐ. அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒத்தை வரி, ரெட்டை வரின்னு ரெண்டு பாதியா இருக்கு, நொடிக்கு 50 பாதி. ஃபோன்ல பார்த்தா, யாராவது கை அசைச்சாலே ஓரமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு. ஹேண்ட்பிரேக் சாஃப்ட்வேர்ல டீஇன்டர்லேஸ் (பாதிகளை முழு ஃபிரேமாக்குறது) பண்ணிப் பார்த்தேன். நொடிக்கு 25 ஃபிரேமா வைக்கிறதா, 50ஆ? 50 வச்சா அசைவு வழுவழுன்னு இருக்கு, ஃபைல்தான் பெருசாகுது. தரத்துக்கு ஆர்எஃப்னு ஒரு அளவு இருக்கே, அது 20 போதுமா?

அப்புறம், கேமரா 2 ஜிபிக்கு ஒரு துண்டா வெட்டி வச்சிருக்கு. சரியா தாலி கட்டுற நேரத்துல ஒரு வெட்டு! தனித்தனியா எம்பி4 ஆக்கி ஒட்டினா அந்த இடத்துல கெட்டிமேளம் ஒரு கணம் அறுந்து போகுது. மாத்துறதுக்கு முன்னாடியே எம்டிஎஸ் துண்டுகளைச் சேர்த்துடணுமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

ஒரிஜினல் ரெண்டு இடத்துல காப்பி இருக்கு, அதுக்குத் திட்டாதீங்க.