பால்கனிக் கிராதியின் அடி துருப்பிடித்து ஆடுகிறது: எதைப் போடுவது?

மெரிபேங்க் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கடற்காற்று நேராக வீசும் பகுதியில் எங்கள் மாடிவீடு இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் பால்கனிக்கும் வெளிப்படிக்கும் இரும்புக் கிராதி போட்டோம். மேலே பெயின்ட் புதிதுபோல் இருந்தாலும் தூண்கள் தரையைத் தொடும் இடம் துருப்பிடித்துப் பொருபொருவென்று உதிர்கிறது. அம்மா அதைப் பிடித்துத்தான் படியிறங்குவார். பேரப்பிள்ளைகளும் அங்கேதான் விளையாடுகிறார்கள். பழையதையே வெல்டிங் வைத்துச் சரிசெய்யலாமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறலாமா?

சாட்ஸ்வொர்த் பட்டறைக்காரர்:
அக்கா, கிராதி பெரும்பாலும் கம்பியின் நடுவில் முறிவதில்லை, அடியில்தான் பெயர்கிறது. ஒரு மீட்டர் உயரத்தில் ஒருவர் சாய்கிறார், அடித்தகட்டில் போல்ட்டுகள் 80 மி.மீ. இடைவெளியில் இருக்கின்றன என்றால், அவர் தள்ளும் விசையைப்போல் ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு விசை பின்பக்கத்துப் போல்ட்டுகளை மேலே இழுக்கும். அந்த இடத்தில் துரு தின்ற இரும்பின்மேல் வெல்டிங் வைப்பது ஓட்டைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுதான்; தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். புதிய தூண்களுக்கு நான்கு போல்ட் அடித்தகடு வைத்து, ரசாயனப் பசையால் இறுக்கச் சொல்லுங்கள். துளையிட்டதும் உள்ளே இருக்கும் தூசியைத் தூரிகையால் தேய்த்து ஊதி வெளியேற்றினால்தான் பசை கான்கிரீட்டைப் பிடிக்கும். பலர் அவசரத்தில் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான். விளிம்புக்கு மிக அருகில் துளையிட்டால் கான்கிரீட் பிளந்துவிடும் என்பதால், பசை தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியைக் கட்டாயம் விடவேண்டும்.

பிளஃப் பகுதியிலிருந்து ஒருவர்:
ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 316 ரகத்தையே கேட்டு வாங்குங்கள். 304 ரகம் உப்புக்காற்றில் பழுப்புக்கறை பிடிக்கும். 316இல் மாலிப்டினம் கலந்திருப்பதால் தாங்கும், ஆனால் அதையும் அவ்வப்போது நன்னீரால் கழுவவேண்டும். செலவு கட்டாவிட்டால் இரும்பையே துரு பிடிக்காதபடி உருக்கிய துத்தநாகக் குளியலில் முக்கி எடுக்கலாம். வெல்டிங், துளை எல்லாவற்றையும் அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், ஏனெனில் பிறகு வைக்கும் ஒவ்வொரு வெல்டிங்கும் அந்த இடத்தின் துத்தநாகத்தை எரித்துவிடும். குழாய்களில் காற்றுத்துளை இருக்கவேண்டும். மூடிய குழாய் குளியலில் வெடிக்கக்கூடும்.

மெரிபேங்க் வாசகி:
நன்றி. பால்கனித் தரையில் நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு இருக்கிறது, அதைத் துளைக்க மனமில்லை. பக்கத்து வீட்டில் உள்ளதுபோல் குறுக்குக் கம்பிகள் வைக்கலாம் என்றும் நினைத்தோம்.

சாட்ஸ்வொர்த் பட்டறைக்காரர்:
தளத்தின் வெளிப்பக்க முகப்பில் தகட்டைப் பொருத்தினால் மேற்பூச்சைத் தொடவேண்டாம். ஆனால் அங்கே நல்ல கான்கிரீட்டா, மேலே பூசிய காரையா என்று தட்டிப் பார்த்தபிறகே துளையிட வேண்டும். குறுக்குக் கம்பி பிள்ளைகளுக்கு ஏணியாகிவிடும், நிமிர்ந்த கம்பிகளே வையுங்கள். நம் நாட்டுக் கட்டட விதித்தொகுப்பு எஸ்ஏஎன்எஸ் 10400, இப்படிப்பட்ட பால்கனித் தடுப்பு குறைந்தது 1 மீட்டர் உயரம் இருக்கவேண்டும், 100 மி.மீ. விட்டமுள்ள பந்து எந்த இடைவெளியிலும் நுழையக்கூடாது என்கிறது. வேலை தொடங்கும்வரை பால்கனிக் கதவைப் பூட்டியே வையுங்கள், அம்மாவை அந்தப் படியில் தனியே இறங்க விடாதீர்கள்.