42 மணி நேரத்தில் மீண்டும் முறிந்த வால்வு ஸ்பிரிங்: யாராவது வழி சொல்லுங்கள்

நண்பர்களே, மிசூரியின் ஓசார்க்ஸ் ஏரியில் 28 அடி படகு வைத்திருக்கிறேன். எஞ்சின் 8.2 லிட்டர் பிக் பிளாக் (பெரிய வகை) வி8, வால்வுகளைத் திறக்கும் தண்டு ஹைட்ராலிக் ரோலர் கேம். போன ஆண்டுதான் முழுவதும் பிரித்துக் கோத்தேன். 42 மணி நேரம்கூட முழுதாக ஓடவில்லை, ஐந்தாம் சிலிண்டரில் டிக் டிக் என்று சத்தம். வால்வு கவரைக் கழற்றினால், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வை மூடிவைக்கும் ஸ்பிரிங் இரண்டு துண்டு. முறிந்த முனையில் கடுகளவு துருப்புள்ளி. மற்ற ஸ்பிரிங்குகளையும் அளந்தேன். வால்வு மூடிய நிலையில் 150 பவுண்டு காட்ட வேண்டியவை 118 காட்டுகின்றன.

கார் எஞ்சின் எப்போதாவதுதான் முழு விசையில் ஓடும். படகு எஞ்சினுக்கோ நிமிடத்துக்கு 4800 சுற்றில் ஓயாத மலையேற்றம். ஸ்பிரிங் தளர்வது அதனால் என்று ஏற்கிறேன். துருதான் புரியவில்லை. எக்ஸாஸ்ட் வழியாக நீர் பின்னேறியிருந்தால் வால்வு முகத்திலும் கறை இருக்க வேண்டும். போர்ஸ்கோப் (குழாய்க் கேமரா) விட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. குளிர்காலத்தில் கவருக்குள் கோத்த ஈரமா?

பட்டறைக்காரர் 'வருடா வருடம் மாற்றுங்கள்' என்கிறார், எண்ணெய் மாற்றுவதைப் போல! நீங்கள் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்? இன்கோனல் (வெப்பம் தாங்கும் நிக்கல் கலவை) எக்ஸாஸ்ட் வால்வுக்குச் செலவழிப்பது தகுமா? சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமல், வால்வு உள்ளே விழாதபடி சிலிண்டரில் காற்றழுத்தம் கொடுத்தே 16 ஸ்பிரிங்கையும் மாற்றியவர்கள் உண்டா? மூன்றாம் முறை எஞ்சினைத் தூக்க எனக்குத் தெம்பில்லை, வீட்டில் பொறுமையும் இல்லை.