ஐ5-6500 சிஸ்டத்துல 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு போடலாமா, இல்ல 5600ஜி-க்கு மாறிடலாமா?

மன்னை_மவுஸ்:

வணக்கம், மன்னார்குடியிலேர்ந்து. கையில இருக்கிறது ஆபீஸ்ல ஓடி வந்த செகண்ட்ஹேண்ட் டெல் ஆப்டிபிளக்ஸ் 7040, ஒல்லி கேபினட். ஐ5-6500, 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. மானிட்டர் 1080பி, ஆனா விஜிஏ மட்டும்தான். விளையாடுறது வேலரண்ட், ஜிடிஏ 5, எப்பவாவது கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2.

மூணு வழி தெரியுது. திருச்சியில ஒரு 1050 டிஐ 4 ஜிபி செகண்ட்ஹேண்ட் வருது. தெரிஞ்சவர் ஒருத்தர் கிரிப்டோ மைனிங்ல ஓடின ஆர்எக்ஸ் 570 கார்டு தர்றேங்கிறார். "பவர் கனெக்டர் இல்லன்னா டிஸ்க்குக்குக் கரண்ட் தர்ற சாட்டா பிளக்லேர்ந்து கன்வெர்ட்டர் போட்டுக்கலாம்"னு சொல்றார். இல்லன்னா இதை வித்துட்டு, சிபியுக்குள்ளயே கிராபிக்ஸ் இருக்கிற ரைசன் 5600ஜி-ல புது சிஸ்டம். "இப்ப வர்ற ஆன்போர்டு கிராபிக்ஸே பழைய கார்டையெல்லாம் அடிச்சிடும்"ங்கிறார் கடைக்காரர். உண்மையா?

குடந்தை_சர்க்யூட்:

பாதி உண்மை. ஜிடி 710, ஜிடி 730 மாதிரி கார்டுகளை 5600ஜி சுலபமா தாண்டிடும். 1050 டிஐ-கிட்ட தோத்துடும், ஆர்எக்ஸ் 570-கிட்ட ரொம்பவே தோத்துடும்.

சிப்போட வேகத்தைவிட இங்க மெமரிதான் விஷயம். ஆன்போர்டு கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது. ஒரே மதகுலேர்ந்து ரெண்டு வயலுக்குத் தண்ணி பாயிற கதை: சிபியுவும் கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கணும். உங்க சிஸ்டத்துல இப்ப டிடிஆர்4-2133 ஒரே ஸ்டிக், நொடிக்கு 17 ஜிபிதான் போகும். 5600ஜி-ல டிடிஆர்4-3200 ரெண்டு ஸ்டிக் போட்டா 51 ஜிபி. 1050 டிஐ-க்கு அதோட சொந்த மெமரியிலேயே 112 ஜிபி, ஆர்எக்ஸ் 570-க்கு 224 ஜிபி. செட்டிங்கை என்னதான் மாத்தினாலும் இந்த இடைவெளி மூடாது.

சாட்டா கன்வெர்ட்டர் மட்டும் வேண்டவே வேண்டாம். சாட்டா பிளக்ல 12 வோல்ட் லைனுக்கு மூணு பின், பின்னுக்கு ஒன்றரை ஆம்பியர். ஆக 54 வாட். கார்டோட 6 பின் பவர் கனெக்டர் 75 வாட் வரைக்கும் இழுக்கும், 8 பின் 150 வரைக்கும். கார்டு முழு லோடுக்குப் போறப்ப பிளக் உருகும், சில சமயம் ஒயரும் கருகும். அதுக்கும் மேல உங்க கேபினட்ல இருக்கிற பவர் சப்ளை 180 வாட். ஆர்எக்ஸ் 570 கார்டு மட்டுமே 150 வாட் பக்கம். கேபினட்ல நுழையவும் நுழையாது. அந்தப் பேச்சை அதோட விட்டுடுங்க.

1050 டிஐ 75 வாட், ஸ்லாட்டுலேர்ந்தே எடுத்துக்கும் (6 பின் வச்ச மாடலும் உண்டு, அது வேண்டாம்). சிபியு 65, கார்டு 75, போர்டு, எஸ்எஸ்டி, ஃபேன் சேர்த்து 20-25. 180-க்குள்ள அடங்கும், ஆனா இடுக்கமா. உயரம் குறைஞ்ச லோ புரொஃபைல் மாடலா, அந்தச் சின்ன பிராக்கெட்டோடயா வருதுன்னு கேட்டு வாங்குங்க. பிராக்கெட் தனியா தேடினா அலைச்சல்தான். கார்டு ரெண்டு ஸ்லாட் தடிமன்னா கார்டு சொருகுற எக்ஸ்16 ஸ்லாட் பக்கத்துல இடம் இருக்கான்னு முன்னாடியே அளந்துடுங்க.

அதுக்கும் முன்னாடி முதல் செலவு இன்னொரு 8 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக். ஒல்லி கேபினட்ல டெஸ்க்டாப் ரேம்தான் போகும். லேப்டாப் ரேம் இதைவிடச் சின்ன மைக்ரோ மாடலுக்கு.

மானிட்டர் விஷயத்துல பலர் ஏமாறுவாங்க. 1050 டிஐ-ல விஜிஏ சிக்னலே கிடையாது. கார்டுல இருக்கிற டிவிஐ-யும் டிஜிட்டல் மட்டும். அம்பது ரூபா டிவிஐ-விஜிஏ முனை மாட்டினா ஒண்ணும் வராது. உள்ள சிப் வச்ச எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் வேணும்.

வெட்டாறு_64:

குடந்தை அண்ணே சொன்னதுல எதிர்ப்பு இல்ல, ஆனா 5600ஜி-யை அடியோட ஒதுக்க வேண்டாம். கையில ஒண்ணுமே இல்லாம ஆரம்பிக்கிறவங்களுக்கு அது நியாயமான வழி. வேலரண்ட் 1080பி லோ செட்டிங்ல நொடிக்கு 100 ஃபிரேமுக்கு மேல போகும், ஜிடிஏ 5 நார்மல்ல 60-ஐ ஒட்டி ஓடும். ஆனா ஒரே ஸ்டிக் ரேம் போட்டுக் கொடுத்தா வாங்காதீங்க, மெமரி பேண்ட்வித் (நொடிக்குப் போற ஜிபி) அப்படியே பாதியாயிடும். "இப்ப ஒண்ணு போடுங்க, அப்புறம் இன்னொண்ணு போட்டுக்கலாம்"னு சொல்ற கடையில விளையாட்டுக்குன்னு சிஸ்டம் எடுக்கவே கூடாது. பயாஸ்ல எக்ஸ்எம்பி ஆன் பண்ணணும், இல்லன்னா 3200 ரேம் 2133-லயோ 2400-லயோதான் ஓடும். அங்கேயே யுஎம்ஏ ஃபிரேம் பஃபர்ங்கிறதை (ரேம்ல கிராபிக்ஸுக்கு ஒதுக்குற பங்கு) 2 ஜிபி-ன்னு வைங்க; சில கேம் அந்த எண்ணைப் பாத்துட்டுத்தான் திறக்கும். அதனாலதான் மொத்தம் 16 ஜிபி வேணுங்கிறது.

மன்னை தம்பிக்கு இது ஒத்து வராது. 2025 கடைசியிலேர்ந்து ரேம் விலை ஏறிக் கிடக்கு. போர்டு, சிபியு, 16 ஜிபி, பவர் சப்ளை, கேபினட்னு எல்லாம் வாங்கி முடிச்சா கிடைக்கிறது 1050 டிஐ-யைவிடக் குறைச்ச கிராபிக்ஸ்.

"புதுசு"ங்கிற பேச்சும் அப்படித்தான். 5600ஜி கடைக்கு வந்தது 2021, உள்ள இருக்கிற வேகா கிராபிக்ஸ் 2017 டிசைன். 1050 டிஐ-க்கு என்விடியா கேம் டிரைவரை 2025 அக்டோபரோட நிறுத்திடுச்சு, பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரைக்கும். வேகாவையும் ஏஎம்டி 2023-லயே தனி டிரைவர் கிளைக்கு ஒதுக்கிடுச்சு. ரெண்டும் ஒரே திண்ணையிலதான் உக்காந்திருக்கு. கார்டு இல்லாம புதுக் கேமும் வேணும்னா ரைசன் 8600ஜி பக்கம் போகணும். டிடிஆர்5-6000 ரெண்டு ஸ்டிக்ல நொடிக்கு 96 ஜிபி வரும், 1050 டிஐ-யோட மல்லுக்கட்டும். ஆனா பட்ஜெட்டே வேற.

ஒண்ணு சொல்லிடறேன், கார்டு போட்டாலும் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 வெண்ணெயா ஓடாது. ஐ5-6500-ல நாலு கோர், நாலு த்ரெட்தான். ஜிடிஏ 5-லயும் சிபியு 100% தொட்டா திக்கும். ஃபிரேமை 60-ல கட்டிட்டா பெரும்பாலும் நின்னுடும்.

நாகை_சால்டரிங்:

திருச்சி கார்டை வாங்கப் போறப்ப பாக்க வேண்டியது.

பின்பக்கம் நீல விஜிஏ போர்ட் இருந்தா அங்கேயே வச்சுட்டு வந்துடுங்க. அது பெரும்பாலும் ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ சிப்புல 1050 டிஐ பயாஸ் ஏத்தின போலி. விண்டோஸ்லயும் 1050 டிஐ-ன்னுதான் பேர் காட்டும். கார்டோட விவரம் காட்டுற ஜிபியு-இசட் சாஃப்ட்வேரைத் திறந்து சிப் ஜிபி107-ஆ, ஷேடர் 768-ஆ, பஸ் 128 பிட்டா பாருங்க. போலின்னா பேருக்கு முன்னாடியே அது எச்சரிக்கை போட்டுடும். அதே ஆள் "இது இல்லன்னா ஜிடி 1030 இருக்கு"ன்னா இன்னும் உஷார்: ஜிடிடிஆர்5 மாடல்ல நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 மாடல்ல 17 ஜிபி-கூட இல்ல. டப்பாவுல ரெண்டும் ஒரே பேர்.

அடுத்து, கார்டை முழு லோடுல ஓட்டிப் பாக்குற ஃபர்மார்க் சாஃப்ட்வேர் பதினஞ்சு நிமிஷம். 80 டிகிரியைத் தாண்டி ஏறிக்கிட்டே போனா சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல இருக்கிற பேஸ்ட் காஞ்சிருக்கும், அது பரவாயில்ல. புள்ளி புள்ளியா, கட்டம் கட்டமா கலர் சிதறினா மெமரி போச்சு, தொடாதீங்க. ஃபேனை நிறுத்திட்டு விரலால லேசா ஆட்டிப் பாருங்க. அச்சு ஆடினா சீக்கிரம் கத்த ஆரம்பிக்கும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துலேர்ந்து வந்த கார்டுன்னா பிராக்கெட்டையும் எச்டிஎம்ஐ வாயையும் வெளிச்சத்துல பாருங்க. உப்புக் காத்துல முதல்ல அங்கதான் துரு ஏறும். தங்க முனையில பச்சை பூத்திருந்தா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சா போகும். கூலிங் தகட்டுக்கு அடியில, சின்ன ரெசிஸ்டர் காலடியில பச்சை பூத்திருந்தா போகாது.

மாட்டுறதுக்கு முன்னாடி பழைய டிரைவரை சேஃப் மோடுல டிடியு-ங்கிற டிரைவர் அழிக்கிற சாஃப்ட்வேர் வச்சுக் கழட்டிடுங்க. மாட்டினதும் கேபிளைக் கார்டுலதான் சொருகணும். போர்டுலயே சொருகிட்டு "ஃபிரேம் ஏறவே இல்ல"ன்னு வர்றவங்க நிறைய.

மன்னை_மவுஸ்:

நன்றிண்ணே, ரொம்பத் தெளிவாயிடுச்சு. முதல்ல ரேம், அப்புறம் லோ புரொஃபைல் 1050 டிஐ. கடைசியா ஒரு கேள்வி: எங்க தெருவுல சாயந்திரம் வோல்டேஜ் இறங்கிடும். வீட்டு இன்வெர்ட்டர்ல ஓட்டலாமா, தனி யுபிஎஸ் வேணுமா?

குடந்தை_சர்க்யூட்:

இன்வெர்ட்டர் பின்னாடி மோடு மாத்துற சுவிட்ச் இருக்கும். சாதா மோடுல கரண்ட் போயி மாறுற இடைவெளியிலயே சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆயிடும். யுபிஎஸ் மோடுல ஆகாது, ஆனா சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழ போனதுமே அது பேட்டரிக்குத் தாவிடும். கோடையில மோட்டார் ஓடுற நேரம் உங்க தெருவுல அதுக்குக் கீழதான் நிக்கும்னா, கரண்ட் இருந்தும் பேட்டரி கரைஞ்சுக்கிட்டே இருக்கும். சாயந்திரம் ஏழு மணிக்கு ஒரு மல்டிமீட்டர் வச்சு அளந்து பாருங்க. 180-க்கு மேல நின்னா யுபிஎஸ் மோடே போதும். கீழ போனா ஸ்டெபிலைசர் போட்டு, அதுக்குப் பின்னாடி 600 விஏ யுபிஎஸ். உங்க சிஸ்டமும் மானிட்டரும் சேர்ந்து 200 வாட்டைத் தொடாது, அதுவே தாங்கும்.

இன்னொண்ணு, சம்பா அறுப்பு சமயம் கேபினட் வாயில தூசு வடிகட்டி இல்லன்னா சுணை உள்ள போயி அந்தச் சின்ன ஃபேன்ல அடைச்சுக்கும். மாசி முடிஞ்சதும் ஒரு தடவை திறந்து ஊதிடுங்க. ஊதுறப்ப ஃபேனை விரலால பிடிச்சுக்கணும், சுத்த விடக்கூடாது.