ஜூனில் தலைமை ஆசிரியராகச் சேர்கிறேன்: நல்ல எச்.எம். என்றால் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்?

வேதியியல்_டீச்சர்:

இருபத்திரண்டு வருடம் வேதியியல் முதுகலை ஆசிரியராக இருந்துவிட்டு, இப்போது மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராகப் பதவி உயர்வு வந்திருக்கிறது. கலந்தாய்வில் என் பெயரைக் கூப்பிட்டதிலிருந்து ஊரைத் தேர்ந்தெடுத்து ஆணையைக் கையில் வாங்கியது வரை ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பணிமூப்புப் பட்டியலில் என் முறை வந்தது, அவ்வளவுதான். பிப்பெட் பிடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இருபத்தாறு பேரை வைத்து ஒரு பள்ளியை நடத்த யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பள்ளி ஒரு தாலுகா ஊரில். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை 612 பிள்ளைகள். பதினான்கு மாதமாக நிரந்தர எச்.எம். கிடையாது, மூத்த ஆசிரியர் ஒருவர் பொறுப்பில் ஓட்டியிருக்கிறார். ஆசிரியர் அறையில் இரண்டு கோஷ்டி என்று அங்கே வேலை பார்க்கும் தோழி சொன்னாள். டீகூட தனித்தனி ஃப்ளாஸ்க்காம்.

யாரிடம் கேட்டாலும் ஒரே புத்திமதி: "முதல் மாசம் முகத்தைக் கடுகடுன்னு வெச்சுக்கோ, அப்புறம் தானா வழிக்கு வருவாங்க." எனக்கு அந்த முகம் வராது. வந்தாலும் பத்து நிமிடம் நிற்காது.

அதனால்தான் கேட்கிறேன். நீங்கள் பார்த்த நல்ல எச்.எம். யார், அவர் அப்படி என்ன செய்தார்? "தலைமைப் பண்புகள் பத்து" வேண்டாம். அதைப் பயிற்சியில் பவர்பாயிண்டில் காட்டிவிடுவார்கள்.

---

ஆறாவது_பீரியட்:

வாழ்த்துகள் மேடம். நான் பட்டதாரி ஆசிரியர், ஒன்பது வருடத்தில் ஐந்து எச்.எம். பார்த்தாயிற்று. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இரவு 10.40க்கு வாட்ஸப் குழுவில் "அனைவரும் நாளை காலைக்குள்" என்று ஆரம்பிக்கும் செய்தியைப் போடாதீர்கள். மேலே இருந்து உங்களுக்கு அப்படித்தான் வரும். அதை அப்படியே எங்கள் பக்கம் தள்ளிவிடுகிறவர் தபால்காரர்.

எனக்குப் பிடித்த எச்.எம். அந்தக் கூகுள் படிவங்களில் பாதியைத் தானே உட்கார்ந்து நிரப்பிவிடுவார். எமிஸில் (பள்ளி விவரங்களைப் பதியும் அரசு இணையதளம்) ஏற்கெனவே இருக்கிற விவரத்தை மறுபடி கேட்டால், "அங்கேயே இருக்கிறதே, எடுத்துக்கொள்ளலாமே" என்று அலுவலகத்துக்குப் போன் போட்டுப் பணிவாகச் சொல்வார். நாங்கள் வகுப்பில் இருந்தோம். வேறு எந்தப் புரட்சியும் அவர் பண்ணவில்லை.

---

பழைய_மணி:

அம்மா, நான் 2019இல் 58 வயதில் ஓய்வு பெற்றவன். பதினொரு வருடம் எச்.எம்., மூன்று பள்ளி. கண்டிப்பு என்று நான் முதல் பள்ளியில் செய்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

சேர்ந்த ஆறாம் நாள் ஒரு கணக்கு ஆசிரியை இருபது நிமிடம் தாமதமாக வந்தார். மூன்றாவது முறை. நான் புதுசு, எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்று ஒரு நினைப்பு. விளக்கம் கேட்டு மெமோ கொடுத்துவிட்டேன். மறுநாளிலிருந்து அந்த அம்மா ஒரு நிமிடம் பிந்தவில்லை. நான் மீசையைத் தடவிக்கொண்டேன். சாயங்காலம் 4.10க்கு மணி அடித்ததும் கைப்பையோடு கிளம்பிவிடுவதை இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். அதுவரை பல வருடமாகப் பத்தாம் வகுப்பில் கணக்கில் தடுமாறும் பிள்ளைகளை ஐந்து மணி வரை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தவர் அவர். யாரும் கேட்டுச் செய்ததில்லை, அதனால் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, அதனால் எனக்கும் தெரியவில்லை. காலையில் இருபது நிமிடத்தைப் பிடித்தேன், மாலையில் ஐம்பது நிமிடத்தை விட்டேன். போய் மன்னிப்புக் கேட்க எனக்கு டிசம்பர் வரை மனசு வரவில்லை. கேட்டபோது, "சரி சார்" என்றார். ஆனால் அந்த வருடம் மாலையில் உட்காரவில்லை.

பிறகு மெதுவாக ஒன்று புரிந்தது. அரசுப் பள்ளியில் எச்.எம்.முக்கு அதிகாரம் என்று என்ன இருக்கிறது? ஆளை எடுக்க முடியாது, அனுப்ப முடியாது, சம்பளத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. கட்டடம் வேறு துறை. புத்தகம் மேலிருந்து வரும், தேர்வும் அப்படியே. கையில் மிஞ்சுவது கால அட்டவணை. எந்த வகுப்புக்கு யார், எந்த மணிக்கு எந்தப் பாடம். அதை மூத்த ஆசிரியர் ஒருவரிடம் "நீங்களே போட்டுடுங்க சார், உங்களுக்குத்தான் பழக்கம்" என்று கொடுத்துவிட்டுத்தான் பெரும்பாலான எச்.எம்.கள் கொடியேற்றப் போகிறார்கள். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான்.

இரண்டாவது பள்ளியில், ஒரு நாள் ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு சப்ஸ்டிட்யூஷன் போக ஆளில்லாமல் நானே போனேன். முதல் பெஞ்சுப் பையனைத் தமிழ்ப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னேன். கடகடவென்று வாசித்தான், விரல் வரியின் மேல் நகர்ந்தது. பக்கத்தில் போய் நின்றேன். விரல் மூன்றாவது வரியில் இருக்கிறது, வாய் ஐந்தாவது வரிக்குப் போய்விட்டது! புத்தகத்தை வாங்கி, பின்னால் ஒரு பாடத்தைத் திறந்து நீட்டினேன். "சார், இது இன்னும் நடத்தல சார்" என்றான். நடத்தாத பாடத்தை எப்படி வாசிக்க முடியும் என்று என்னை விநோதமாகப் பார்த்தான். ஒவ்வொருவராகப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்த்ததில் 43 பேரில் 11 பேர் அவன் மாதிரி. எழுத்து தெரியும், சொல்லாகச் சேராது.

அறைக்கு வந்து கால அட்டவணையைப் பார்த்தேன். அந்த வகுப்புக்குத் தமிழ், வாரத்தில் நான்கு நாள் எட்டாவது பாடவேளை. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரம். எடுப்பவரும் வேறொரு பாடத்து ஆசிரியர், அவருக்குப் பாடவேளை குறைகிறது என்று தமிழைக் கொடுத்திருந்தார்கள். நல்ல தமிழாசிரியர் பத்திலும் பன்னிரண்டிலும். எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான், பொதுத்தேர்வு இருக்கிற வகுப்புக்குக் குதிரை, இல்லாத வகுப்புக்கு மிச்சம்.

அடுத்த ஜூனில் மாற்றினேன். எங்களிடம் இருந்த மிகச் சிறந்த தமிழாசிரியையை ஆறாம் வகுப்புக்கு, தினமும் முதல் பாடவேளை. அவருக்கே கோபம். "பதினஞ்சு வருஷமா பத்தாவது எடுக்கறேன், என்னைக் கீழே இறக்கறீங்களா?" என்றார். இது இறக்கம் இல்லை என்று வாயால் சொல்லி நம்பவைக்க முடியாது என்பதால் நானும் ஆறாம் வகுப்பில் வாரம் நான்கு ஆங்கிலப் பாடவேளை எடுத்துக்கொண்டேன். எச்.எம். எடுக்கிற வகுப்பு என்றதும் அதன் மதிப்பு கொஞ்சம் ஏறியது. மனித சுபாவம் அப்படி.

அந்த வருடம் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 91 சதவீதத்திலிருந்து 86க்கு இறங்கியது. மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் குறைந்த பள்ளிகளின் எச்.எம்.களை எழுந்து நிற்கச் சொல்வது அப்போது வழக்கம். நின்றேன். "ஆறாம் வகுப்பில் வாசிக்கவைத்தேன்" என்பதற்கு அவர்களுடைய படிவத்தில் கட்டம் கிடையாது. பள்ளிக்குத் திரும்பி வந்து ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நின்ற விஷயம் அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது (இந்த மாதிரிச் செய்தி மட்டும் பேருந்தைவிட வேகமாக வந்துவிடும்). அடுத்த நாள் கணக்கு சாரும் அறிவியல் டீச்சரும் அறைக்கு வந்து, "இந்த வருஷம் எட்டாவதையும் அப்படிப் பார்க்கலாமா சார்" என்று கேட்டார்கள்.

அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தாவது எழுதியபோது நான் மாற்றலாகி வேறு மாவட்டத்தில் இருந்தேன். எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்கப் போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். எனக்கு அப்படி ஒரு பயம்.

கோஷ்டி விவகாரம்: தலையிடாதீர்கள். இரண்டு ஃப்ளாஸ்க்கிலும் டீ குடியுங்கள்.

---

மாவுக்கடை_அம்மா:

நான் டீச்சர் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் தலைவியாக இருந்தேன், அதனால் எழுதுகிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கணும், பாதிப் பேர் பெண்கள். 2022இல் எங்கள் பள்ளியில் இருபது பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதலில் இருந்த எச்.எம். தீர்மானப் பதிவேட்டைப் பையனிடம் கொடுத்தனுப்புவார். மாவு அரைத்த கையைத் துடைத்துவிட்டு எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போட்டு அனுப்புவேன். கூட்டமே நடந்திருக்காது. அடுத்து வந்த மேடம் எங்களை அவர் அறையில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். 75,000 ரூபாய் பள்ளி மானியம் வந்திருக்கிறது, இதில் சுகாதாரத்துக்கு இவ்வளவாவது ஒதுக்கணும், மீதியை எதற்குப் போடலாம் என்று கேட்டார். எங்களுக்கு வாயே வரவில்லை. அப்புறம் ஒருத்தி, "பொம்பளப் பிள்ளைங்க கக்கூசுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் இல்லை மேடம், ஒருத்தி போனா ஒருத்தி கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுங்க" என்றாள். மேடம் எழுந்து, வாங்க என்று எங்களைக் கூட்டிக்கொண்டு அப்போதே போய்ப் பார்த்தார். ஐந்து கதவு, ஒன்றுக்குத்தான் தாழ்ப்பாள். மறுநாள் ஆசாரி வந்தார். என் மகள் மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் இருந்ததற்குக் காரணம் எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

நீங்களும் போனவுடனே அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள் மேடம். சொல்லிவிட்டுப் போகாதீர்கள், அன்றைக்கு மட்டும் கழுவி வைப்பார்கள்.

---

எம்எட்_பெஞ்சு:

பழைய மணி ஐயா சொன்னதற்கு ஆய்வுப் பக்கமும் ஆதரவு இருக்கிறது. 2008இல் நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் உடனிருந்தவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எச்.எம். செய்கிற வேலைகளை ஐந்து வகையாகப் பிரித்ததில், ஆசிரியர்கள் கற்றுக்கொள்ளும் இடத்தில் எச்.எம்.மும் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்வதற்குத்தான் பிள்ளைகளின் கற்றலோடு மிக அதிகத் தொடர்பு. பயிற்சிக்கு ஆளை அனுப்பிவிட்டு அறையில் இருப்பது இதில் சேராது.

ஆனால் ஒரு முரண்: 91இலிருந்து 86 ஆனதை ஐயா தியாகம் மாதிரி சொல்கிறார். அந்த ஐந்து சதவீதமும் பிள்ளைகள்தானே? அவர்கள் அந்த வருடம் பிளஸ் ஒன் சேர முடியாமல் போனவர்கள்.

---

பழைய_மணி:

உண்மைதான் தம்பி. 140 பேர் எழுதினார்கள், கூடுதலாகத் தோற்றது ஏழு பேர். துணைத் தேர்வு வரை நாங்கள் தினமும் உட்காரவைத்ததில் ஐந்து பேர் தேறினார்கள். இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் செங்கல் சூளைக்குப் போனான். நான் செய்தது முழுக்கச் சரி என்று எங்கேயும் எழுதவில்லை.

---

ஊதாப்பூ:

குழந்தைகளுக்கு ஆற்றுப்படுத்துநராக வேலை செய்கிறேன். எல்லோரும் நல்ல விஷயம் பேசுகிறீர்கள், நான் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளை வந்து ஓர் ஆசிரியர் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்ததாகச் சொன்னால், "பள்ளிப் பேரு கெட்டுடும்", "நாமளே பேசித் தீர்த்துக்கலாம்" என்று முதலில் வருகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்களாகவே இருப்பார்கள். கேட்காதீர்கள். 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் விஷயத்தில் நிறுவனப் பொறுப்பாளர் தெரிவிக்காமல் விட்டால் 21ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. உள்விசாரணை நடத்தி உண்மையா பொய்யா என்று பார்ப்பது உங்கள் வேலை இல்லை. 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்) இரண்டையும் எல்லா வகுப்பிலும் பிள்ளைகள் கண்ணுக்குப் படுகிற உயரத்தில் எழுதி வையுங்கள். பல பள்ளிகளில் அது எச்.எம். அறைக்கு வெளியே மட்டும் இருக்கிறது. அங்கே நின்று எந்தப் பிள்ளை எண்ணைக் குறித்துக்கொள்ளும்?

---

வேதியியல்_டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று பள்ளிக்கு ஒரு நடை போய்விட்டு வந்தேன், சேருவதற்கு முன்னால் சும்மா பார்க்க. விடுமுறை என்பதால் காவலாளியும் ஓர் ஆடும் மட்டும் இருந்தார்கள். மாவுக்கடை அம்மா, கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று காவலாளிக்கே தெரியவில்லை. எண்கள் எங்கேயும் எழுதியில்லை, எச்.எம். அறைக்கு வெளியேகூட.

பழைய மணி ஐயா, போன வருடத்துக் கால அட்டவணை அறிவிப்புப் பலகையில் இன்னும் ஒட்டியிருக்கிறது. போனில் படம் எடுத்து வந்து வீட்டில் பெரிதுபடுத்திப் பார்த்தேன். ஆறு 'ஆ'வுக்குத் தமிழ் மூன்று நாள் கடைசிப் பாடவேளை. கணக்குக்கு நேராக யார் பெயரும் இல்லை, வெறும் கோடு. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலைப் பார்த்ததும் கை தானாக அங்கே என் பெயரைப் போடப் போயிற்று. ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்து இருபது வருடம் ஆகிறது ஐயா. அந்த வயதுப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்றே மறந்துவிட்டது.

---

பழைய_மணி:

எடுங்கள் அம்மா, அவர்களே பேசவைத்துவிடுவார்கள். கணக்குக் கோட்டுக்கு முதலில் ஓர் ஆளைக் கண்டுபிடியுங்கள். அப்புறம், அட்டவணையைப் பென்சிலில் போடுங்கள். முதல் வாரத்திலேயே நாலு தடவை அழிக்க வேண்டிவரும்.