ஆறு மாதத்தில் எட்டு ரிப்பேர்: குடியிருப்பவரிடம் எப்படிப் பேசுவது?

விளாங்குடி வீடு:
விளாங்குடியில் அப்பா 1996-இல் கட்டிய வீட்டை 9,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கிறேன். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். வாடகை ஐந்தாம் தேதி தாண்டாது. ஆனால் ஜனவரியிலிருந்து எட்டு தடவை ரிப்பேருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு போன். பிளம்பருக்கே நாலாயிரத்துக்கு மேல் போய்விட்டது. காலி செய்யச் சொல்லிவிடு என்கிறார்கள் வீட்டில். எனக்கு மனசு வரவில்லை.

செல்லூர் பிளம்பர்:
எட்டும் என்னென்ன அண்ணே?

விளாங்குடி வீடு:
சமையலறைக் குழாய் ஒழுகியது மூன்று தடவை. பாத்ரூம் குழாய் இரண்டு. ஷவர் அடைப்பு. கக்கூஸ் ஃபிளஷ் டேங்க் நிற்காமல் ஓடியது. அப்புறம் ஒரு சுவிட்ச்.

செல்லூர் பிளம்பர்:
சுவிட்சை விட்டால் ஏழும் தண்ணீர் சமாச்சாரம். போர் தண்ணீரா? உள்ளே ஓடுவது பழைய ஜி.ஐ. இரும்பு பைப்பா?

விளாங்குடி வீடு:
ஆமாம், இரண்டும்தான். பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும்.

செல்லூர் பிளம்பர்:
அப்படியென்றால் அவர்கள் மேல் குறையில்லை. இரும்பு பைப் உள்ளே துரு பிடித்துச் செதில் செதிலாக உதிரும். அது வாஷருக்கு அடியில் உட்கார்ந்தால் குழாய் சொட்டும். சொட்டுகிறதே என்று இறுக்கித் திருகுவார்கள், வாஷர் கிழியும். நீங்கள் வாஷரை மட்டும் மாற்றினால் அடுத்த மாதமும் அதேதான். முதலில் மாடி டேங்கைக் கழுவி, அங்கிருந்து வரும் லைனை சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்புக்கு மாற்றுங்கள். புதுக் குழாய் அதற்குப் பிறகுதான். உப்பு இதனால் போகாது. ஷவரை அவ்வப்போது கழற்றி வினிகரில் ஊறவைக்கச் சொல்லுங்கள். காலி செய்யச் சொன்னாலும், அடுத்து வருபவருக்கும் இதே குழாய்தான் ஒழுகும்.

புதூர் அக்கா:
செலவு யாருடையது என்பதற்குத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டமே வழி சொல்கிறது. 2017-இல் வந்தது, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணைப்படி பைப் மாற்றுவது, வயரிங், வெள்ளையடிப்பது வீட்டுக்காரர்களான நம் பொறுப்பு. டேப், வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு குடியிருப்பவர் பொறுப்பு. இதை ஒப்பந்தத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தம்பி, பைப்பை மாற்றாமல் வாஷர் காசை மட்டும் அவர்களிடம் கேட்பது நியாயமில்லை.

விளாங்குடி வீடு:
இன்று போய் நானே சமையலறைக் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். வாஷரில் பிறை மாதிரி ஒரு வெட்டு. அதற்குள் மிளகாய் விதை அளவுக்குச் சிவப்புத் துருச் செதில் ஒட்டியிருந்தது. அந்தம்மாவிடம் காட்டினேன். "நாங்கதான் உடைக்கிறோம்னு நினைச்சீங்களோன்னு பயந்தேன் சார்" என்றார். கஷ்டமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை லைன் மாற்றுகிறோம், செலவு என்னுடையது. அதன் பிறகு வாஷரும் சுவிட்சும் அவர்கள் பார்த்துக்கொள்வதாகச் சம்மதம். சனிக்கிழமை ராத்திரியே இரண்டு டிரம்மில் தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.